வைஸில் ஆடாத பிஸ்டல்

ஜூன் 3, செவ்வாய்

வெயில். காலை எட்டு மணிக்கே காற்றில் புழுதி. மருந்துக் கடை 9–1, 4–8, வழக்கம்போல.

போட்டி வேலைகள்:
– மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிப் படிவம். கடைசி நாள் 20.
– போட்டி ஜூலை 12, சனி, திருச்சி. காரா பஸ்ஸா, வீட்டுக்காரரைக் கேட்க.
– பிஸ்டலின் காற்று சிலிண்டர். அதில் பொறித்திருக்கும் பத்து வருஷ ஆயுள் இந்த மாதத்தோடு சரி. அதன் பிறகு காற்று அடைக்கக் கூடாது. போட்டியில் நீட்டினால் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.
– பெல்லட் (ஈயக் குண்டு) ஒரு டப்பாதான் மிச்சம்.
– கிரிப் (கைப்பிடி) திருகு?

மதியம் கடை சாத்தியதும் இரண்டாங்கட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் பயிற்சி. இந்த வீட்டில் நாலு பங்கு. மூன்று பங்குக்காரர்களும் வெளியூர். கல்யாணம் காட்சி இல்லாத நாளெல்லாம் கூடம் எனக்கு. மேற்குக் கதவிலிருந்து இலக்குப் பெட்டிவரை டேப் வைத்து அளந்த பத்து மீட்டர்.

அறுபது குண்டு. குண்டுக்குப் பத்துப் புள்ளி. பத்துப் பத்தாக: 90, 88, 87, 86, 87, 86. மொத்தம் 524. போன வருஷப் போட்டியில் 538. இந்த வருஷம் 545 என்று எனக்கு நானே வைத்துக்கொண்டேன். சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

எல்லாம் ஒரே பக்கமாகப் போனால் குறிபார்க்கும் சைட்டைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். இது நாலா பக்கமும். மேலே ஒன்று, இடப்பக்கம் ஒன்று, கீழே இரண்டு.

பிஸ்டலுக்கு வயசாகிவிட்டது என்று நினைக்கிறேன். வாங்கும்போதே நாலு வருஷப் பழசு. மகள் உமையாள் பதினொன்றாம் வகுப்பில் அடம்பிடித்து வாங்க வைத்தது. ஆறு மாதத்தில் விட்டுவிட்டாள். சும்மா கிடக்கிறதே என்று நான் எடுத்தேன். ஆறு வருஷம் ஓடிவிட்டது.

வீட்டுக்காரர் சொன்னது, சோற்றைப் பிசைந்துகொண்டே: "புதுசு வாங்கிக்கிறதுன்னா வாங்கிக்க. மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத."

ஜூன் 5, வியாழன்

அதே வெயில். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் காலி, ஆர்டர் போட.

அமராவதிபுதூர் ரோட்டில் பாண்டி பட்டறை. பாண்டி லேத் வேலைக்காரர். நம் ஊரில் பிஸ்டல் சுடுகிறவர்கள் மொத்தம் எட்டுப் பேர், எட்டுப் பேர் துப்பாக்கிக்கும் அவர்தான் வைத்தியம். அவரும் சுடுவார், சுமாராக. வேறு யாருடையதோ ஒரு புது பிஸ்டல் கிரிப் செதுக்க வந்திருந்தது. சொந்தக்காரரிடம் போனில் கேட்டுக்கொண்டு இருபது குண்டு சுடத் தந்தார். எடை குறைவு. ட்ரிகர் கண்ணாடி உடைவதுபோல் சட்டென்று விடுகிறது. ஆசை வந்துவிட்டது.

ஆனால் இருபதில் நாலு எட்டு, ஒரு ஏழு. அதைப் பாண்டியிடம் சொல்லவில்லை.

"எனக்கும் இதே மாதிரி ஒண்ணு பாத்துச் சொல்லுங்க தம்பி."

"சொல்லலாம் ஆச்சி. பழசுல என்ன கொறைன்னு தெரியாம புதுசு வாங்காதீக. நாளைக்குப் புதுசுலயும் அதே கொறை வந்துச்சுன்னா யாரத் திட்டுவீக?"

பிறகு அவர் சொன்னவை, மறக்காமலிருக்க:
– கைக்கு கிரிப் பொருந்துகிறதா என்பதுதான் முதல் கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு தூக்கி, திறந்து பார்த்தால் முன்சைட்டு பின்சைட்டின் நடுவில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் எவ்வளவு நல்ல பிஸ்டலும் நமக்கு இல்லை.
– எடை குறைவு நல்லது என்று எல்லோருக்கும் சொல்ல முடியாது. லேசானது சீக்கிரம் ஆடும்.
– ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், சீல், ஸ்பிரிங் இங்கே கிடைக்கிறதா? கிடைக்காத மாடல் எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம்.
– ட்ரிகர் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே எடையில் விட வேண்டும். நூறு தடவை இழுத்துப் பார்க்க.

ஞாயிற்றுக்கிழமை என்னுடையதைக் கொண்டுவரச் சொன்னார். முழுசாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று.

ஜூன் 8, ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை. காலை பத்து மணிக்குப் பட்டறை. உள்ளே குண்டு இல்லை, சிலிண்டர் கழற்றியாகிவிட்டது என்று இருவரும் தனித்தனியாகப் பார்த்த பிறகுதான் மேசையில் வைத்தோம். பாண்டி இதில் கறார்.

பார்த்தவை:
கிரிப் திருகு: கால் சுற்று தளர்வு. இறுக்கியாயிற்று.
பின்சைட்டு: ஆட்டம் இல்லை.
பேரல்: குழலுக்குள் கம்பளி உருண்டை ஆறு விட்டுத் துடைத்தோம். முதல் இரண்டு கறுப்பு, ஆறாவது வெள்ளை.
சிலிண்டர்: தண்ணீரில் அமுக்கிப் பார்த்ததில் குமிழி இல்லை.
ஓ-ரிங்: ஒன்று காய்ந்திருந்தது. மாற்றி, சிலிக்கான் கிரீஸ் நகக்கண் அளவு. வேறு எண்ணெய் எதுவும் காற்றுப் பக்கம் போகக் கூடாது.
ட்ரிகர்: 515 கிராம். ஐந்நூறுக்குக் குறையக் கூடாது என்பது விதி. சரி.

"அவ்வளவுதான். ஒண்ணும் இல்லையே" என்றார். எனக்கு எரிச்சல். ஏதாவது உடைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு வைஸ், பட்டறை மேசையில் இரும்பைக் கடித்துப் பிடிக்கும் கருவி. சைக்கிள் டியூப்பை வெட்டி இரண்டு பக்கமும் அணை கொடுத்து, பிஸ்டலை வைஸில் கடித்தார். பட்டறை நீளம் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் கூட. எதிர்ச் சுவரில் மணல் பெட்டி, அட்டை. கையே படாமல் ட்ரிகரை மட்டும் ஒரு விரலால் அவர் இழுத்தார். ஐந்து குண்டு.

அட்டையை எடுத்துவரப் போனேன். ஒரே ஓட்டை. ஐந்தும் அதற்குள். ஓரம் மட்டும் கொஞ்சம் கிழிந்திருந்தது.

இன்னொரு அட்டை, இன்னொரு ஐந்து. அதே.

பாண்டி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். "துப்பாக்கி ஆடல ஆச்சி" என்றார். வைஸைத் தளர்த்துவதிலேயே கவனமாக இருந்தார். டீ வரவழைத்தார், வேண்டாமென்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

கடையில் கூட்டம். சளி, இருமல், பாதிப் பேருக்கு. மாத்திரை உறைகளில் "காலை 1 இரவு 1" என்று எழுதும்போது பார்த்தேன். என் எழுத்துதான். ஆனால் ஓரமெல்லாம் பல் பல்லாக. எத்தனை நாளாக இப்படி?

மதியம் யாரும் இல்லாதபோது வலது கையை நீட்டி, புறங்கையில் ஒரு காகிதத்தை வைத்தேன். ஃபேன் இல்லை. காகிதம் நடுங்கியது. இடது கை: கொஞ்சம். மறுபடி வலது.

என்னைப் பெற்ற அப்பச்சிக்கும் கை ஆடும். ஐம்பதிலேயே. ரேடியோ குமிழைத் திருகினால் ஸ்டேஷன் நிற்காது. வயசு என்று சொல்லிக்கொண்டோம். ஐம்பது ஒரு வயசா? எனக்கு நாற்பத்தெட்டு.

பார்மசி படித்தவள். கடை லைசென்ஸ் என் பேரில். இருபது வருஷமாக மற்றவர்கள் கை நடுக்கத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். என் கையைப் பார்க்க வைஸ் வேண்டியிருந்தது.

இன்னொரு வியாதி இருக்கிறது. அதற்கும் இப்படித்தான் தொடங்கும். அதன் பேரை இங்கே எழுதவில்லை.

பயிற்சி இல்லை. பழைய பாட்டில்களைப் பிரித்து அடுக்கினேன்.

ஜூன் 14, சனி

மதுரை. நரம்பு டாக்டர். மருந்து மொத்த வியாபாரியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். அவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"நீங்க எதுக்கு? கடைய யாரு பாக்குறது?"

"ஒரு நாள் சாத்திக் கெடந்தா ஒண்ணும் ஆகாது. ரெண்டு மாசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஊசி மருந்து எடுக்கறப்ப கையி ஆடுது. நீயாச் சொல்லுவன்னு இருந்தேன்."

மேலூரில் வண்டியை நிறுத்தினார். அங்கே இளநீர்.

டாக்டர் சின்ன வயசு. சுருள் கோடு வரையச் சொன்னார். விரலால் மூக்கைத் தொடு, அவர் விரலைத் தொடு. நடந்து காட்டு. மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். மடியில் கையை வைத்துவிட்டுச் சும்மா உட்காரச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். சும்மா இருக்கும்போது ஆடவில்லை. தூக்கினால்தான்.

"நீங்க பயப்படுறது இல்லம்மா இது. பரம்பரையா வர்ற நடுக்கம். உயிருக்கு ஒண்ணும் பண்ணாது. மெதுவாக் கூடலாம், கூடாமலும் இருக்கலாம்."

என் கணவர் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு டாக்டருக்கு எழுந்து நின்று கும்பிட்டார்.

சீட்டில் எழுதியது: ப்ரோப்ரனோலால் 20. காலையில் ஒன்று, இன்று மட்டும் வீடு திரும்பியதும். எங்கள் கடையில் இடதுபுறம் மூன்றாவது தட்டில் இருக்கிறது. அதற்கு மதுரை வரை.

வரும் வழியில் அவர் ஏதோ பழைய பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார்.

ஜூன் 19, வியாழன்

காற்று அதிகம். கூடத்து ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பயிற்சி.

மாத்திரை ஆறாவது நாள். 93, 92, 94, 91, 93, 93. மொத்தம் 556.

மறுபடி கூட்டினேன். 556. இதுவரை என் ஆகச் சிறந்தது 543, அதுவும் வீட்டில். கறுப்பு வட்டத்துக்குக் கீழே சைட்டு வந்து நின்றது. நின்றது என்றால் நின்றது. ஆணி அடித்த மாதிரி.

பாண்டிக்குப் போன் போட்டேன். பட்டறைச் சத்தத்துக்கு மேல் கத்தினார்: "ஆச்சி! திருச்சில ஒரு கை பாத்துருவோம்!"

சாயந்தரம் படிவத்தை எடுத்து நிரப்பினேன். பேர், வயது, பிஸ்டல் எண். கடைசிப் பக்கம் உறுதிமொழி. ஐந்து வருஷமாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட பக்கம். இன்று படித்தேன். தடைசெய்யப்பட்ட மருந்து எதையும் உட்கொள்வதில்லை என்று உறுதி கூறுகிறேன்.

பேனாவை வைத்துவிட்டேன்.

போனில் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். இந்த வகை மாத்திரை மற்ற பல விளையாட்டுக்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை. குறி பார்த்துச் சுடுகிறவர்களுக்குக் கூடாது. போட்டி நாளில் மட்டுமல்ல, எப்போதும். படபடப்பை அடக்கும், கையை நிறுத்தும் என்பதால்.

தெரியாது என்று எழுத முடியாது. மதுரையில் சீட்டைக் கையில் வாங்கியபோதே ஒரு நொடி தோன்றியது. தள்ளிவிட்டேன். ஆறு நாளும் ஸ்ட்ரிப்பைப் பிரிக்கும்போது தோன்றியது. ஆறு நாளும் தள்ளிவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

இன்று கடைசி நாள். காலையில் மாத்திரை போடவில்லை. முதலில் டாக்டருக்குப் போன். ஒரு வாரம்தானே, குறைந்த அளவுதானே, நாடித்துடிப்பும் சரியாக இருக்கிறது, நிறுத்தலாம் என்றார். "போட்டி அவ்வளவு முக்கியமா?" என்று கேட்டார். தெரியவில்லை சார் என்றேன்.

வீட்டுக்காரர் கட்சி: "நோய்க்கு மருந்து சாப்பிடுறதுல என்ன தப்பு? கண்ணாடி போட்டுக்கிட்டுச் சுடுற. அது மாதிரிதான இது?"

"கண்ணாடிய அனுமதிச்சிருக்காக. இத அனுமதிக்கல."

"யாரு எழுதுன சட்டம்?"

"யாரு எழுதுனா என்ன. நான் அதுல கையெழுத்துப் போடணும்."

பாண்டி கட்சி வேறு. பட்டறையை விட்டுவிட்டுக் கடைக்கே வந்துவிட்டார். "நம்ம மட்டத்துல யாரு ஆச்சி டெஸ்ட் எடுக்கப் போறா? மெடல் வாங்குனாத்தான் கேப்பாக." சொல்லிவிட்டு, கண்ணாடிப் பெட்டியில் இருந்த இருமல் மிட்டாயை உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு அவரே: "ஆனா ட்ரிகர 515 வைக்கச் சொல்லி என்னைய எத்தன தடவ திருப்பி அனுப்பியிருக்கீக. 498-க்கு வச்சா யாருக்குத் தெரியும்னு நான் சொன்னதுக்கு என்னா பேச்சுப் பேசுனீக."

அவ்வளவு பேசியிருக்கிறேனா? இருக்கலாம்.

போட்டி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். வைத்தியக் காரணத்துக்கு விலக்கு உண்டா என்று கேட்டேன். எடுத்தவர் பொறுமைசாலி. "இந்த மருந்துக்கு நம்ம விளையாட்டுல விலக்குக் கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம்மா. நிறுத்திட்டீங்கன்னா, எப்ப தொடங்குனீங்க, எப்ப நிறுத்துனீங்கன்னு எழுதி டாக்டர் சீட்டோட வைங்க. கமிட்டி பார்த்துச் சொல்லும்."

எழுதினேன். ஜூன் 14 முதல் 19 வரை, ஆறு மாத்திரை. மறைக்க ஒன்றுமில்லை. ஜெராக்ஸ் கடைப் பெண் ஸ்கேன் பண்ணி அனுப்பியபோது மாலை நாலே முக்கால்.

கடைக்குத் திரும்பி ஒரு குழந்தைக்குச் சொட்டு மருந்து எடுத்துக் கொடுத்தேன். கை இன்னும் நிதானமாகத்தான் இருந்தது. மாத்திரையின் வேகம் இன்னும் கொஞ்சம் இருக்கும்போல.

ஜூன் 22, ஞாயிறு

அறுபது குண்டு, 509. அவ்வளவுதான் எழுதப் போகிறேன் அதைப் பற்றி.

உமையாள் கோயம்புத்தூரிலிருந்து வாரப் போன். அவள் அப்பச்சி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், மதுரை, மாத்திரை, படிவம் எல்லாம். பிறகு என்னிடம் போன் வந்தது.

"ஆத்தா, எனக்கும் ஆடும்."

"என்னது?"

"கை. பதினொண்ணாவது படிக்கிறப்பவே. கோச்சிங்ல எல்லாருக்கும் குண்டு ஒரே எடத்துல போகும். எனக்குச் செதறும். படபடப்புன்னு நெனச்சேன். அதான் விட்டேன்."

"சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலையே. ஆறு மாசத்துல சலிச்சுப்போச்சா, சோம்பேறின்னு திட்டுனீக. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

திட்டினேன். நன்றாகவே நினைவிருக்கிறது. இதே கூடத்தில், பிஸ்டல் பெட்டி தரையில் திறந்து கிடக்க. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் திமிர் என்று நினைத்தேன்.

மன்னிச்சுக்க என்று சொல்ல வாய் வரவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "சாப்ட்டேன். நீங்க போட்டிக்குப் போங்க ஆத்தா. கை ஆடுனா ஆடட்டும். நான் திருச்சிக்கு வாரேன்."

போனை வைத்த பிறகு கூடத்தில் போய் நின்றேன். சுடவில்லை. இலக்குப் பெட்டியை ஒரு துணியால் துடைத்தேன்.

ஜூன் 25, புதன்

மழை, பத்து நிமிஷம். மண் நனையுமுன் நின்றுவிட்டது.

பட்டறை. பாண்டி இதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டுவிட்டார். வைஸில் ஆடாத பிஸ்டல், கையில் ஆடுகிறது. ஆட்டத்தை நிறுத்த முடியாது. குறைக்கலாம், அல்லது அதோடு குடித்தனம் நடத்தலாம்.

செய்தது:
– பேரல் முனையில் 40 கிராம் எடை. முன் கனம் கூடினால் பொடி நடுக்கம் அடங்குகிறது. தோள் வலிக்கும்.
– கிரிப்பில் உள்ளங்கைப் பள்ளத்தில் மரத்தூள் பசை பூசி, நான் பிடித்த வாக்கிலேயே காயவைத்தோம். பத்து நிமிஷம் சிலை மாதிரி நின்றேன். அதற்குள் யாரோ பம்பு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஆச்சி எதுக்குத் துப்பாக்கியோட நிக்கிறாக?" பாண்டி: "கடன் வசூலுக்கு."
– பின்சைட்டு இடைவெளியைக் கொஞ்சம் அகலமாக்கினார். ஒளி அதிகம் தெரிந்தால் ஆட்டம் அவ்வளவு பயமுறுத்தாது.

முறை: தூக்கு. நிற்கும் அந்த ஓரிரு நொடியில் இழு. ஆறு எண்ணுவதற்குள் விடவில்லை என்றால் கையை இறக்கு. மூச்சு. மறுபடி. நடுங்க நடுங்கப் பிடித்துவைத்துச் சுடக் கூடாது.

520.

ஜூன் 27, வெள்ளி

கமிட்டியிடமிருந்து பதில். இரண்டு வரி. மருந்து நிறுத்தப்பட்டதைக் குறித்துக்கொண்டோம், நுழைவு ஏற்கப்பட்டது, தேவைப்பட்டால் சோதனைக்கு உட்பட வேண்டும். நான்கு தடவை படித்தேன்.

புது சிலிண்டரும் கூரியரில் வந்தது. திருகிப் பார்த்தேன், பொருந்துகிறது. பழையதைக் காற்று முழுதும் இறக்கிவிட்டு, பாண்டியிடம் அறுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தேன்.

புது பிஸ்டல் வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை.

ஜூலை 5, சனி

இந்த வாரம்: 518, 526, 522, 526. தோள் வலி. தைலம், இரண்டு வேளை.

பெல்லட் புது டப்பா இரண்டையும் வைஸில் சோதித்தோம். ஒன்று நன்றாகக் கூடுகிறது, இன்னொன்று கொஞ்சம் பரப்புகிறது. நல்லதைப் போட்டிக்கு ஒதுக்கி மூடியில் "தி" என்று எழுதிவைத்தேன். எழுத்து ஆடியிருக்கிறது. பரவாயில்லை, படிக்க முடிகிறது.

கூடத்தில் புறா. இலக்குப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. இருபது நிமிஷம் வீண்.

ஜூலை 12, சனி (திருச்சி, திரும்பி வந்து எழுதியது)

கார். அதிகாலை கிளம்பினோம். அவர், நான், பாண்டி. உமை கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் நேராக ரேஞ்சுக்கு வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். பெட்டியை நான் தூக்கக் கூடாது என்று பிடுங்கிக்கொண்டாள்.

முதலில் கருவிச் சோதனை. சிலிண்டர் தேதி, பிஸ்டல் அடங்குகிறதா என்று பார்க்கும் அளவுப் பெட்டி, எல்லாம் சரி. பிறகு ட்ரிகர். ஐந்நூறு கிராம் எடையை ட்ரிகரில் மாட்டி, பிஸ்டலை நேரே மேலே தூக்க வேண்டும். எடை தரையை விட்டு எழும்பிய பிறகும் ட்ரிகர் விழக் கூடாது. மூன்று வாய்ப்பு.

தூக்கினேன். கை ஆடியது. தொங்கிய எடை குலுங்கி வெட்டி இழுத்தது. டக். விழுந்துவிட்டது.

இரண்டாவது. டக்.

பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். பாண்டிக்கு முகம் வெளுத்துப்போனது. "515 இருக்குங்க, காலைலகூடப் பாத்தேன்" என்று அந்த அதிகாரிப் பெண்ணிடம் சொல்லப் போக, வெளியாள் பேசக் கூடாது என்று ஒருவர் அவரை நகர்த்திவிட்டார்.

அந்தப் பெண்ணுக்கு உமை வயசுதான் இருக்கும். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

"நான் தூக்கலாமா மேடம்? விதியில இடமிருக்கு."

கொடுத்தேன். அவள் தூக்கினாள். எடை ஆடாமல் எழும்பியது. ட்ரிகர் நின்றது. ஸ்டிக்கர் ஒட்டித் தந்தாள். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

வரிசையில் நான் சுடும் இடம் பதினேழு. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, இரட்டைச் சடை, கல் மாதிரி நிற்கிறாள். அவளைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

முதல் பத்து 88. இரண்டாவது 90. மூன்றாவதில் ஒரு குண்டு. ஆறு எண்ணியாயிற்று, இறக்கியிருக்க வேண்டும், இழுத்துவிட்டேன். 5. திரையில் கறுப்பைத் தாண்டி வெள்ளையில் ஒற்றைப் புள்ளி. பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அந்தப் பத்து 86.

உட்கார்ந்தேன். தண்ணீர். பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டுக் கையை மடியில் போட்டேன். மடியில் ஆடாது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு எழுந்தேன்.

89. 87. நேரம் போய்க்கொண்டிருந்தது. தூக்குகிறேன், இறக்குகிறேன், தூக்குகிறேன். பக்கத்துப் பிள்ளை முடித்துவிட்டுப் போய்விட்டாள். கடைசிப் பத்து 91. அறுபதாவது குண்டு போனபோது கடிகாரத்தில் மூன்று நிமிஷம் மிச்சம்.

மொத்தம் 531.

545 இல்லை. போன வருஷத்து 538கூட இல்லை. பட்டியலில் நடுவுக்குக் கீழே. மேற்கொண்டு எந்தப் போட்டிக்கும் இது காணாது. மருந்துச் சோதனைக்கு யாரையும் கூப்பிடவில்லை, முதலிடக்காரியைக்கூட. பாண்டி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

வீட்டுக்காரர்: "நல்லாத்தான் சுட்ட. எனக்கு என்ன தெரியும், ஆனா நல்லாத்தான் இருந்துச்சு."

சாப்பாட்டுக்குப் போகும்போது உமை பக்கத்தில் வந்தாள். "எண்ணிக்கிட்டே இருந்தேன் ஆத்தா. நாப்பத்தேழு தடவ சுடாம கைய எறக்குனீக."

"அவ்வளவா?"

"நான் அன்னிக்குக் கோச்சிங்ல ஒரு தடவகூட எறக்கல. எல்லாரும் பாக்குறாகளேன்னு அப்படியே சுட்டுட்டேன்."

கை கழுவும் இடத்தில் வரிசை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசியாக அவள் சின்ன வயசில் பிடித்தது. இரண்டு கையும் ஆடின, எது யாருடையது என்று தெரியவில்லை. "திட்டுனது தப்பு" என்றேன். "விடுங்க ஆத்தா" என்றாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

நல்ல மழை, காலை முழுதும். வளவு முற்றத்தில் தண்ணீர் நின்றது. கடை பத்து மணிக்குத்தான் திறந்தோம்.

பிஸ்டல்: பேரல் துடைத்தாயிற்று. முன் எடையைக் கழற்றவில்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். இனி மாத்திரை தொடங்கலாமே என்றார். இப்போதைக்கு வேண்டாம் சார், வேலைக்குத் தடையாக வந்தால் வருகிறேன் என்றேன். ஊசி மருந்து எடுக்கும் வேலையை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அளவு தவறினால் வேறு ஒருவர் உடம்பு, அதில் வீம்பு கூடாது. உமைக்கும் அதே டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், அடுத்த மாதம்.

மாலை அவர் காபி போட்டுக் கொண்டுவந்தார். டம்ளரில் பாதிதான். யோசித்துப் பார்த்தால் மதுரைக்குப் போய்வந்ததிலிருந்தே பாதிதான்.

"என்ன, பால் இல்லையா?"

"இருக்கு. மீதிய அப்புறம் தாரேன்."

"முழுசா ஊத்துங்க."

என்னைப் பார்த்தார். ஊற்றினார், விளிம்புவரை. தூக்கினேன். விரலில் கொஞ்சம், சேலையில் கொஞ்சம். சூடாக இருந்தது. குடித்தேன்.